கபோவில் ஐஞ்சு சந்தி

பலெர்மோ நகரத்தார் தெருவில் நின்றபடி தின்னும் பண்டங்களில் இரண்டு, அந்த நகரம் ஒரு காலத்தில் துரத்திவிட்ட மக்களுடையவை என்று ஊர் சொல்கிறது.

ஒன்று பனெல்லே. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு, கைவிடாமல் கிண்டினால் களி பானையை விட்டுக் கழன்று வரும். நறுக்கிய பார்ஸ்லி இலையை அதில் கலந்து, மெல்லிசாகப் பரப்பி, ஆறிய பின் வெட்டிக் கொதிக்கிற எண்ணெயில் போடுவார்கள். எள் ஒட்டிய பாணைப் பிளந்து, பொரித்த துண்டுகளை அடுக்கி, தேசிக்காய் பிழிந்து கையில் தருவார்கள். மற்றது மண்ணீரல் பாண். கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் அவித்து, சீவி, கொழுப்பில் வதக்கிப் பாணுக்குள் வைப்பது. சான் பிரான்செஸ்கோ தேவாலயத்தின் முன்னால் 1834இலிருந்து நடந்துவரும் பழைய பொக்காச்சேரியாவில் இன்றும் அதற்குக் கூட்டம் நிற்கிறது. பனெல்லே அரபியர் விட்டுப்போனது என்பது பலெர்மோவில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த கதை. மண்ணீரலை யூதக் கசாப்புக்காரரோடு சேர்த்துச் சொல்வார்கள். மிருகம் அறுப்பதற்குக் காசு வாங்க அவர்களுடைய சமயம் விடாதாம்; அதனால் கூலிக்குப் பதிலாக உள்ளுறுப்புகளை எடுத்துப்போய் அவித்து விற்றார்களாம்.

இந்த இரண்டாவது பண்டம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. யூதர் கண்டுபிடித்த பண்டம் என்று பெருமையோடு சொல்கிறார்கள். அதை வதக்குவது பன்றிக் கொழுப்பில். அதை முதலில் அவித்து விற்ற மனிதர் இன்று எழுந்து வந்தால், தன்னுடைய பண்டத்தில் ஒரு வாய்கூட அவரால் தின்ன முடியாது.

பலெர்மோவின் கபோச் சந்தை இருக்கும் இடம் அரபியர் காலத்திலேயே சனம் நெருங்கி வாழ்ந்த பகுதி. 973இல் இங்கு வந்த பயணி இப்னு ஹவ்கல் இதை ஸ்லாவியர் குடியிருப்பு என்று எழுதுகிறார். நகரில் 300 பள்ளிவாசல்கள் இருந்ததாகவும் அவர் கணக்குச் சொல்கிறார். 1072இல் நோர்மன்கள் பலெர்மோவைப் பிடித்த பிறகும் நூறு வருடத்துக்கு மேல் முஸ்லிம்கள் தங்கள் தெருக்களில் தொழில் செய்துகொண்டு இருந்தார்கள். நோர்மன் அரசன் இரண்டாம் றொஜரின் அவையில் புவியியலாளர் இத்ரீசி 1154இல் எழுதி முடித்த உலகப் புத்தகத்தில் எங்கள் இலங்கைத் தீவும் சரந்தீப் என்ற பெயரோடு இருக்கிறது. எங்களில் ஒருவர் இந்த ஊருக்கு வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே எங்கள் தீவு இங்கே வரையப்பட்டிருந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

1184 டிசம்பரில் இன்னொரு பயணி, இப்னு ஜுபைர், வந்தார். ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்புகையில் கப்பல் உடைந்து சிசிலியில் கரையேறியவர். பலெர்மோவின் சந்தைகளில் முஸ்லிம்களே நிறைந்திருக்கிறார்கள், வணிகர் அவர்களே என்று எழுதினார். அந்த மக்கள் மனத்தில் இருந்த அச்சத்தையும் எழுதினார். ஐந்து வருடம் கழித்து, 1189இல், அரசன் இரண்டாம் வில்லியம் இறந்ததும் அச்சம் நிசமாயிற்று. பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். தப்பியவர்கள் மலைகளுக்கு ஓடினார்கள். 1220களில் தொடங்கி, எஞ்சியவர்களைப் பேரரசன் இரண்டாம் பிரெடெரிக் கடல் கடந்து இத்தாலியின் தென்கிழக்கில் லுச்சேரா என்ற ஊருக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினான். 1300இல் நேப்பிள்ஸ் அரசன் இரண்டாம் சார்ள்ஸ் அந்த ஊரையும் கலைத்தான். சனங்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பிரெடெரிக்கின் கல்லறை பலெர்மோ பேராலயத்துக்குள் சிவந்த கல்லில் மின்னுகிறது. அதே பேராலயத்தின் தெற்கு வாசல் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் செதுக்கியபடியே நிற்கிறது. கபோவில் மரக்கறி வாங்கிய கையோடு நடந்துபோய் இரண்டையும் பார்த்து வரலாம். யூதருக்கு 1492இல் ஸ்பானிய முடியின் கட்டளை வந்தது. 1493 ஜனவரியில் அவர்கள் சிசிலியை விட்டுப் போய்விட்டார்கள்.

புலம்பெயர்ந்த தமிழரான எங்கள் மேடைகளில் ஒரு பேச்சு ஓயாமல் கேட்கும். சாப்பாட்டைக் காப்பாற்றினால் இனத்தைக் காப்பாற்றலாம் என்பது அது. பலெர்மோவில் வாழ்ந்த எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இங்கே பண்டம் பிழைத்தது, மனிதர் பிழைக்கவில்லை. பனெல்லே சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பதம் தப்பிவிட்டது, எங்கள் வீட்டில் இப்படிச் செய்வதில்லை என்று சொல்ல உரிமை உள்ளவர் ஒருவர்கூட இந்த நகரத்தில் மிஞ்சவில்லை.

நான் இங்கு வந்தது 1988இல். தமிழருக்கு எதிரான 1983 யூலை வன்முறைக்குப் பிறகு இலங்கையை விட்டு வெளியேறிய இளைஞர்களில் ஒரு பகுதி எப்படியோ சிசிலிக்கு வந்து சேர்ந்திருந்தது. இத்தாலியிலேயே தமிழர் அதிகமாகக் கூடிய ஊர் பலெர்மோவாயிற்று. பழைய நகரத்துக்குள் 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் இடிந்த வீடுகள் அப்போதும் இடிந்தபடியே கிடந்தன. அவற்றின் பக்கத்துக் கட்டடங்களில் வாடகை குறைவு. ஒரு அறையில் பலர் படுப்போம். காரீனி வாசலில் நுழைந்து சன்ட் அகோஸ்தீனோ தெரு வரை நீளும் கபோச் சந்தைதான் எங்கள் குசினிக்கு வாசல். தக்காளியும் கத்தரிக்காயும் ஒலிவ் காயும் வாள்மீனும் விற்கிறவர்கள் இராகம் போட்டுக் கூவுவார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அதிகாலையில் நின்றவனுக்கு அந்தச் சத்தத்தில் பயம் இல்லை.

அந்த அறைகளில் இருந்த ஆண்களில் அநேகர் ஊரில் அடுப்படிக்குள் போகாதவர்கள். தாயும் அக்காவும் தட்டில் போட்டுக் கொடுத்ததைச் சாப்பிட்டவர்கள். பலெர்மோ எங்களைச் சமைக்கப் பழக்கியது. வேலை முடிந்து வந்த இரவுகளில் ஒவ்வொருவரும் தனக்கு ஆசையான பண்டத்தைச் செய்து பார்த்தோம். ஒருவர் உளுந்து வடைக்குத் தவம் கிடந்தார். ஒருவர் பருத்தித்துறைத் தட்டை வடைக்கு. கடிதம் எழுதி அம்மாவிடம் கேட்பார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தால் மறுகடிதம் வரும்: உப்பு அளவாக, எண்ணெய் காய்ந்ததும், மா பதமாக. அளவு எது, பதம் எது என்று கடிதத்தில் இராது. அந்தப் பெண்களின் விரல்களில் மட்டும் இருந்த அறிவு அது. இருந்தாலும் கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு ஆள் இருந்தது.

எனக்கு இல்லை. நான் ஆசைப்பட்டது மாட்டு றோல்ஸுக்கு.

எங்கள் வீடு சைவ வீடு. வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. மாட்டிறைச்சி என்றைக்குமே இல்லை. ஆனால் யாழ்ப்பாணம் நகரத்தில் படித்த பெடியன்களுக்கு முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருப் பக்கம் ஐஞ்சு சந்தி தெரியும். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடை. பின்னேரம் நாலு மணிக்குத் தாச்சியில் இருந்து றோல்ஸ் இறங்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் முன்பே அரைவாசி முடிந்துவிடும். வெளித்தோல் மொறுமொறுப்பாக, உள்ளே மெல்லிய மாத்தோசை, அதற்குள் மிளகும் கிழங்கும் மாட்டிறைச்சியும். கடைக்கார நானா காசைப் பிறகு தா என்பார். ஆருடைய மகன் என்று அவருக்குத் தெரியும்; வீட்டில் போய்ச் சொல்லவே மாட்டார். பெரியவர்கள் வகுத்த சாதியையும் சமயத்தையும் ஒரு தட்டில் வைத்துத் தாண்டிப் பார்க்க எங்களுக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கடை. ஆகவே நான் ஊர்ப் பண்டம் என்று நினைப்பது எங்கள் வீட்டுப் பண்டம் அல்ல. அந்தப் பண்டமும் நானாவின் முன்னோர் கண்டுபிடித்தது அல்ல. கொழும்பில் பலர் இன்றும் அதைச் சைனீஸ் றோல்ஸ் என்றுதான் சொல்வார்கள். பல கை மாறி வந்து, ஐஞ்சு சந்தியில் ஒரு கையில் பதம் கண்டிருந்தது. எனக்கு அந்தக் கை வேண்டியிருந்தது.

செய்யத் தொடங்கினால் சாமான் எல்லாம் கபோவிலேயே கிடைத்தது. இது எனக்கு முதலில் வியப்பு. முட்டை, கிழங்கு, லீக்ஸ், வெங்காயம், மிளகு. பாண் தூள் இந்த ஊருக்கு உயிர். ஏழைகள் சீஸ் வாங்க வழியில்லாமல் பாண் தூளை வறுத்து மத்தி மீன் பஸ்தாவின் மேல் தூவிய ஊர் இது. எந்தப் பேக்கரியிலும் பை பையாக இருக்கும். அரஞ்சினா என்ற சோற்று உருண்டையைப் பொரிப்பதும் பாண் தூளில் புரட்டித்தான். கோதுமை மாவில் மட்டும் கவனம் வேண்டும். சிசிலி கடின கோதுமை விளையும் நிலம்; அந்த மஞ்சள் மா தண்ணீரை மெதுவாகக் குடிக்கும், உடனே ஊற்றினால் தோசை மடிக்கும்போது வெடிக்கும். கரைத்து நெடுநேரம் வைத்தால் பணியும். வெள்ளை மென்மாவையும் பாதிக்குப் பாதி கலந்தால் ஊர் மாவின் குணம் வரும். கறிவேப்பிலை அப்போது கிடைக்கவில்லை. பிறகு எங்கள் சனம் மாடத்துச் சட்டிகளில் வளர்த்தது. பலெர்மோ வெயிலுக்கு அது நன்றாகவே பிடித்தது.

இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டி, வெங்காயத்தோடும் கறித்தூளோடும் பிரட்டி, அவித்த கிழங்கைப் பாதி மசித்தும் பாதி மசிக்காமலும் சேர்ப்பேன். தோசையின் நடுவில் வைத்து, கடித உறை மடிப்பது போல இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்துச் சுருட்டி, மாக்கரைசலால் ஒட்டி, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டிப் பொரிப்பேன். அறையில் இருந்தவர்கள் அள்ளி அள்ளித் தின்றார்கள். மாட்டைத் தொடாதவர்களுக்கு மீன் வைத்துத் தனியாகச் சுட்டேன். நல்ல பண்டம்தான். ஆனால் ஐஞ்சு சந்தியில் தின்றது இது இல்லை. உள்ளே ஏதோ ஒரு வாசம், கிழங்கிலேயே ஊறிய ஒன்று, வரவே இல்லை.

நான் வீட்டு வேலை செய்த ஒரு முதிய சிஞ்ஞோரா இருந்தார். கபோவில் பிறந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு நகரின் புதிய பகுதிக்குப் போனவர். கிழங்கைத் தோலோடு அவித்து ஒரு இரவு ஆறவிட்டு, புதினா நறுக்கிப் போட்டுக் குரொக்கே செய்ய எனக்குப் பழக்கியவர் அவர்தான். கையால் கிழங்கு பிடிக்கும்போது உள்ளங்கை நனையக்கூடாது, நனைந்தால் எண்ணெயில் வெடிக்கும் என்பார். ஒருநாள் நான் செய்த றோல்ஸ் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெதுவாகத் தின்றுவிட்டுக் கேட்டார்:

“அம்மா சொல்லித் தந்ததா?”

“இல்லை சிஞ்ஞோரா. அம்மா இதைத் தொட்டதே இல்லை. ஒரு கடைக்காரருடையது.”

“அவர் நல்ல சமையல்காரர். இப்போது எங்கே இருக்கிறார்?”

சிசிலியில் எந்தப் பண்டத்துக்கும் ஒரு தாய், ஒரு தெரு, ஒரு கடை உண்டு. அந்தக் கேள்வி அவருக்கு இயல்பாக வந்தது. எனக்கு அதற்குப் பதில் இருந்தது. அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை.

1990 பெப்ரவரியில் இத்தாலி மார்த்தெல்லி சட்டத்தைக் கொண்டுவந்தது. முந்தின வருடம் முடிவதற்குள் நாட்டுக்குள் வந்திருந்த வெளிநாட்டாருக்குத் தங்க உரிமை கிடைத்தது. பலெர்மோத் தமிழர் வரிசையில் நின்று தாள் எடுத்தோம். இனி எங்களை ஒருவரும் இந்த ஊரை விட்டுப் போ என்று சொல்ல முடியாது என்று நினைத்துக் கபோவில் மீன் வாங்கிச் சமைத்தோம். அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் தேதி, யாழ்ப்பாணத்தில் சோனகதெருவுக்குள் விடுதலைப் புலிகளின் வாகனங்கள் ஒலிபெருக்கியோடு வந்தன. முஸ்லிம் குடும்பங்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டும் என்றன. அங்கே வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விட வேண்டும் என்றார்கள். வழியில் நகையும் காசும் பறிக்கப்பட்டன. அந்த ஒக்டோபரில் வட மாகாணம் முழுவதிலும் இருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பகுதி புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களுக்குப் போய்ச் சேர்ந்தது. தையல்காரர், இரும்புக்கடைக்காரர், இறைச்சிக்கடைக்காரர், லொறி ஓட்டியவர், பள்ளி ஆசிரியர், றோல்ஸ் பொரித்தவர், எல்லோரும். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதற்கு வருத்தம் தெரிவித்தார். வெளியேறிய கையோடு புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்போது பதினொரு வயது.

நாங்கள் துரத்தப்பட்டவர்கள். 1983இன் நெருப்பையும் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தையும் சொல்லிச் சொல்லித்தான் உலகத்தின் கதவுகளைத் தட்டினோம். அது முழு உண்மை. துரத்தியதும் எங்கள் பெயரில் நடந்தது. அதுவும் முழு உண்மை. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்னு ஜுபைர் கண்ட பலெர்மோச் சந்தைக்கும் எங்கள் சோனகதெருவுக்கும் நடுவே எண்ணூறு வருடம் இருக்கிறது. வணிகம் செய்தவர் போனார்கள், தெரு இருந்தது, பண்டம் இருந்தது. இதில் எதுவும் மாறவில்லை.

பண்டம் இருந்தது என்றேன். எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில், லண்டனில், பாரிஸின் லா சப்பலில், பலெர்மோவில், பிறந்தநாளோ சாமத்தியச் சடங்கோ றோல்ஸ் இல்லாமல் நடப்பதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அது யாழ்ப்பாணத்தின் பண்டம், தமிழரின் பண்டம். மட்டன் றோல்ஸ், மீன் றோல்ஸ், மரக்கறி றோல்ஸ். செப்ரெம்பர் மாதம் சான்ரா றொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் பெல்லெக்ரீனோ மலை ஏறும்போது மரக்கறி றோல்ஸ்தான் கட்டிக்கொண்டு போவோம். சைவர்களும் கத்தோலிக்கரும் ஒன்றாக ஏறும் மலை அது, அந்த நாளில் மச்சம் கூடாது என்பது எங்கள் ஆட்களே வைத்த விரதம். இதெல்லாம் நல்லதுதான். மாட்டு றோல்ஸ் மட்டும் பட்டியலில் இருந்து சத்தமில்லாமல் போய்விட்டது. அதோடு அதைப் பொரித்தவர்களும் போய்விட்டார்கள். ஒரு பண்டத்தை அப்படியே மீட்டுவிட்டோம் என்று நாம் மகிழும்போது, அதில் எதை விட்டுவிட்டு மீட்டோம் என்று பார்ப்பதில்லை. இன்னும் நூறு வருடம் போனால், பலெர்மோக்காரர் பனெல்லேயைப் பற்றிச் சொல்வது போல, யாரோ முஸ்லிம் கடைக்காரர்களிடம் இருந்து வந்ததாம் என்று ஒரு அழகான கதையாகச் சொல்வார்கள். அந்த அழகு எனக்கு வேண்டாம்.

போர் முடிந்து சில வருடம் கழித்து ஊருக்குப் போனேன். ஐஞ்சு சந்தியில் மீண்டும் கடைகள் இருந்தன. கூரை இல்லாத வீடுகளும் இருந்தன. சுவருக்குள் மரம் முளைத்து வளர்ந்திருந்தது. பழைய தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் வேறு கட்டடம். சற்றுத் தள்ளி ஒரு சின்னக் கடையில் ஒரு இளைஞன் றோல்ஸ் பொரித்துக்கொண்டு இருந்தான். தின்றேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: அந்த வாசம்.

“தம்பி, இது ஆர் பழக்கினது?”

“வாப்பாதான் அங்கிள். இங்கதான் முந்திக் கடை வச்சிருந்தவர். நான் பிறந்தது புத்தளத்தில.”

நான் தேடிய நானாவின் மகன் அவன் இல்லை. அவருடைய கடைக்கு இரண்டு கடை தள்ளி இருந்தவரின் மகன். அந்த நானா புத்தளத்துக்குப் போன சில வருடத்திலேயே மௌத்தாகிவிட்டார் என்று அவன்தான் சொன்னான். வாப்பா திரும்பி வரவில்லையா என்று கேட்டேன். வந்து பார்த்தாராம். போகும்போது ஒரு வீடு, ஒரு குடும்பம். இப்போது அதே ஒரு காணிக்கு நாலு பிள்ளைகளின் நாலு குடும்பம். வீட்டுத் திட்டத்தில் பெயர் பதியப் போனால், புத்தளத்தில்தானே இருக்கிறீர்கள் என்பார்கள். புத்தளத்தில் கேட்டால், நீங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள்தானே என்பார்கள். வயது போனவருக்கு அலைச்சல் முடியாது, தான் மட்டும் வந்திருக்கிறேன் என்றான். சொல்லும்போது கை நிற்கவில்லை. தாச்சியில் றோல்ஸைத் திருப்பிப் போட்டபடியே சொன்னான்.

இத்தாலியில் நான் செய்கிற விதத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். வாப்பாவிடம் கேட்டு அனுப்புகிறேன் என்று என் இலக்கத்தை வாங்கினான்.

நான் பலெர்மோ திரும்பிய பிறகு வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. முதிய குரல். பின்னால் கோழிகள் கத்தின. யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தான், இத்தனை வருடப் புத்தளத்தால் அதை அசைக்க முடியவில்லை.

“தம்பி, மகன் சொன்னவன். நீங்கள் கிழங்கைப் பச்சைத் தண்ணியில அவிக்கிறீங்கள் போல. அதுதான் பிழை. முதல்ல இறைச்சியை இஞ்சி, மிளகு, ஒரு துண்டு கறுவா, றம்பை போட்டு அவியுங்கோ. இறைச்சியை எடுத்துப்போட்டு அந்தத் தண்ணியிலதான் கிழங்கை அவிக்கிறது. தோலை உரிச்சுப்போட்டு அவிக்கோணும். அப்பதான் கிழங்கு குடிக்கும். றம்பை அங்க கிடைக்குமோ?”

சிறிது நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு,

“அங்க இறைச்சி எப்பிடித் தம்பி? ஹலாலோ?”

அதுவரை நான் இறைச்சி வாங்கியது கபோவின் பழைய கசாப்புக்கடையில். நல்ல கடை, நல்ல மனிதர்கள். அந்த இறைச்சியில் செய்த றோல்ஸை அந்தக் குரலுக்கு உரியவர் தின்ன முடியாது.

பலெர்மோவில் இப்போது மீண்டும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். துனிசியாவில் இருந்து, மொரோக்கோவில் இருந்து, வங்காளதேசத்தில் இருந்து. பழைய நகரத்துக்குள், தோட்டக்காரரின் புனித பவுலீனோ என்ற பெயரில் இருந்த தேவாலயம் துனிசிய அரசின் பொறுப்பில் பள்ளிவாசலாக இயங்குகிறது. ஹலால் இறைச்சிக் கடைகளும் பல. அவற்றில் ஒன்றில் மாட்டின் தொடையில் ஒரு கிலோ வாங்கினேன். றம்பை இங்கே குளிர்காலத்தில் வெளியே தங்காது. எங்கள் ஆட்களின் கடையில் உறைய வைத்த இலை கிடைத்தது. அவர் சொன்னபடியே இறைச்சித் தண்ணியில் கிழங்கை அவித்தேன். பொரித்து அடுக்கி, ஒன்றைக் குறுக்கே வெட்டி உள்ளே தெரியும்படி வைத்து, படம் எடுத்துப் புத்தளத்துக்கு அனுப்பினேன். எங்கே வாங்கிய இறைச்சி என்றும் எழுதினேன்.

அன்றிரவே பதில் வந்தது.

“மாஷா அல்லாஹ். கிழங்கு சரி. மடிப்புச் சரியில்லைத் தம்பி, உள்ளுக்குக் காத்து நிக்குது. இறுக்கிச் சுருட்டுங்கோ. பாண் தூளும் இன்னும் பொடியா வேணும், அரிதட்டில அரிச்சுப்போட்டுச் செய்து, திரும்பப் படம் அனுப்புங்கோ.”